கண்டக்டர் வீட்டுப் பலகை

தட்சிணாமூர்த்தி இருபத்தொன்பது வருஷம் கடலூர்–சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக இருந்தவர். ஆலப்பாக்கம் தாண்டி பஸ் பறக்கும்போதும், புதுச்சத்திரம் பக்கம் டிரைவர் சடாரென்று ஒடிக்கும்போதும், கம்பியைத் தொடாமல் நடுவில் நின்று டிக்கெட் கிழிப்பார். பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் ஜனம் மொத்தமும் முன்னால் சரியும். அவர் மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்பார்.

2009இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை இருந்தது, தொப்பையும் இருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாலு நாள் சுற்றி வந்தார். ஐந்தாம் நாள் காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாங்க, வாக்கிங் போவலியா?" என்று கேட்டாள் மனைவி தில்லையம்மாள்.

"ஏறுன எடத்துலயே எறங்கறதுக்கு எதுக்கு தில்ல போவணும்?"

அதோடு நடை முடிந்தது.

அடுத்த பொங்கலுக்கு மகள் பொன்னி சிங்கப்பூரிலிருந்து வந்தாள். டிவியோடு சேர்த்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கையில் பிடித்து வீசுவதற்கு இரண்டு ரிமோட், அதோடு மணை அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை. டிவிக்கு முன்னால் பலகையைப் போட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"இது மேல ஏறி நில்லுங்கப்பா. நீங்க எந்தப் பக்கம் சாயறீங்களோ அந்தப் பக்கம் டிவியில பொம்மையும் சாயும். வெளையாட்டும் ஆச்சு, எக்சர்சைசும் ஆச்சு."

முதலில் பலகை ஆளை அளந்தது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கே புள்ளி நிற்கும். பொன்னி ஏறினபோது அது அவிழ்த்துவிட்ட கோழிக்குஞ்சு மாதிரி அலைந்தது. தட்சிணாமூர்த்தி ஏறினார். புள்ளி நட்டநடுவில் போய் உட்கார்ந்தது, அசையவில்லை.

"மூச்சாவது உடுறீங்களாப்பா?" என்றாள் பொன்னி.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பெட்டி அவரை எடை பார்த்தது, அடுத்து ரெண்டு மூன்று சோதனை வைத்தது, கடைசியில் உடம்பின் வயது எழுபத்தொன்று என்று அறிவித்தது. திரையில் இருந்த அவர் பொம்மைக்கு வயிறு பொசுக்கென்று உப்பியது. தில்லையம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எழுவத்தொண்ணா? அப்ப எனக்கு அப்பா வயசுங்க உங்களுக்கு!"

விளையாட ஆரம்பித்ததும் அவர் பாடு இன்னும் மோசம். ஒரு தட்டின் மேல் பந்துகள் உருளும். பலகையில் நின்றபடி சாய்ந்து சாய்ந்து அவற்றைக் குழியில் தள்ள வேண்டும். சாய்வதுதானே தட்சிணாமூர்த்திக்கு வராத வித்தை? இருபத்தொன்பது வருஷம் சாயாமல் நிற்பதற்குத்தான் சம்பளம் வாங்கினார். அவர் தூணாக நின்றார், பந்தும் நின்ற இடத்திலேயே நின்றது. தில்லையம்மாளோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். இடுப்பை இப்படி ஒரு வெட்டு, அப்படி ஒரு வெட்டு. பந்துகள் வரிசையாகக் குழிக்குள் விழுந்தன.

அவருக்கென்று வாய்த்தது ஒரே விளையாட்டு. பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையில் எரியும் மெழுகுவத்தியை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடினால் அணைந்துவிடும். அதில் அவரை யாராலும் ஜெயிக்க முடியவில்லை.

"சும்மா ஒக்காந்திருக்கறதுக்குக் கூட மார்க் குடுக்குதே இந்தப் பொட்டி!" என்றாள் தில்லையம்மாள்.

ஊருக்குத் திரும்பும்போது பொன்னி எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம், சாயங்காலக் காப்பி முடிந்து கரண்ட்டும் இருந்தால், அந்த வீட்டில் விளையாட்டு நடக்கும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட தில்லையம்மாள் கல்யாணத்துக்குப் பிறகு பல்லாங்குழி கூட ஆடினதில்லை. இப்போது பந்து விளையாட்டில் முதல் பத்து இடங்களின் பட்டியலில் பத்தும் அவளுடையவை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தால், ஒன்றும் தெரியாதவள் போல, "சும்மா ஒடம்புக்கு நல்லதுன்னு எம் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு" என்பாள். அவர்கள் போனதும் பதினொன்றாவது தடவை ஏறுவாள்.

2011 ஆடி மாதம் ஒரு மதியம், சோறு வடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததைப் பார்த்த தட்சிணாமூர்த்தி, செருப்புகூடப் போடாமல் ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். நேரத்தோடு கொண்டுவந்ததால் ஜாஸ்தி பாதிப்பு இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். பேச்சு நாலு நாளில் திரும்பியது, இடது கை மூன்று வாரத்தில் திரும்பியது. இடது கால் மட்டும் திரும்பவில்லை. அதாவது, காலில் பலம் இருந்தது, அசைக்கவும் முடிந்தது. ஆனால் அதை நம்பி அவள் ஊன்ற மாட்டேன் என்றாள்.

"அது எங்காலு மாதிரியே இல்லீங்க. யாரோ கொண்டாந்து வெச்சிட்டுப் போன மாதிரி இருக்கு."

பிசியோதெரபி செய்ய பிரிசில்லா என்ற பெண் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தாள். குறிஞ்சிப்பாடிக்காரி, சளைக்காமல் பேசுகிறவள். ஒருநாள் டிவிக்கு அடியில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு, "சார், இது நல்லா வேலை செய்யுதா? அம்மாவ இதுல நிக்க வெப்போம். எந்தக் காலுல எவ்வளோ பாரம் போவுதுன்னு அவுங்களுக்கே தெரியும்ல" என்றாள்.

இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, பின்னால் தட்சிணாமூர்த்தி நின்று பிடித்துக்கொள்ள, தில்லையம்மாள் ஏறினாள். பெட்டி உயிர் பெற்றதும் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் காட்டியது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அறுவத்திரண்டு நாளா உன்னியக் காணமேன்னு கேக்குது."

"இதாவது கேக்குது. உங்க தங்கச்சி ஒரு போன் பண்ணல" என்றாள் தில்லையம்மாள்.

அளந்து பார்த்ததில், நூற்றுக்கு வலது காலில் எழுபத்து மூன்று, இடதில் இருபத்தேழு. சிவப்புப் புள்ளி வலது ஓரத்தில் பயந்துபோய் ஒண்டிக்கொண்டிருந்தது. பிரிசில்லா, இடது கால் நாற்பதுக்கு வந்துவிட்டால், பிடித்து நடக்கிற வாக்கர் இல்லாமல் நடக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தட்சிணாமூர்த்திக்கு வேலை கிடைத்துவிட்டது. தினமும் காலையிலும் சாயங்காலமும் அவளை ஏற்றுவார். பஸ்ஸில் நிற்கிற சூட்சுமமெல்லாம் சொல்லிக் கொடுத்தார். முட்டியை விறைப்பாக வைக்கக் கூடாது, காலை அகட்டி நிற்க வேண்டும், கீழே பார்க்கக் கூடாது. முப்பது, முப்பத்திரண்டு, மறுபடியும் இருபத்தொன்பது. எண் இறங்கினால் அவர் குரல் ஏறும்.

"இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா! எடம் இருக்குல்ல? அப்பறம் ஏன் அங்கியே நிக்கிற?"

ஒருநாள் அவள் கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் என்னா உங்க பஸ்ஸுல ஏறுன ஆளா? படிக்கட்டுல தொங்கறவன அதட்டற மாதிரி அதட்டறீங்க. அந்த நம்பரப் பாத்தாலே எனக்குக் காலு மரத்துப் போவுது."

அவர் பலகையை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை. தன் மேல்தான் அவருக்குக் கோபம். ஆயிரம் பேரைக் கத்திக் கத்தியே நகர்த்தின வாய் இது, வேறு மாதிரி ஒரு மனுஷியை நகர்த்தத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காப்பி குடித்த பிறகு அவர் தானே பலகையைப் போட்டு, பந்து விளையாட்டை வைத்து ஏறினார். வழக்கம்போல தூணாக நின்றார். முதல் பந்து நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இரண்டாவதும் அப்படியே. நாற்காலியில் இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"சாயிங்களேன்! இடுப்பு என்னா சிமெண்ட்டா? தள்ளுங்க, நான் வரேன்."

அவர் மூச்சுக் காட்டாமல் இறங்கி, பின்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் கூடத்தில் வைத்து மனைவியை அப்படிப் பிடித்தவர் இல்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். பந்து இடது பக்கம் ஓடியது. தில்லையம்மாள் "ஏய், ஏய், நில்லு" என்று பந்தைத் திட்டிக்கொண்டே அதன் பின்னால் சாய்ந்தாள். அவர் கைக்கு அவள் உடம்பின் பாரம் முழுசாக இடது காலில் இறங்குவது தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவளுக்குக் கால் ஞாபகம் வந்துவிடும். பந்து குழியில் விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார் அவர். பந்தைத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.

அதன் பிறகு அளவு பார்ப்பதே இல்லை, விளையாட்டு மட்டும்தான். மார்கழி பிறந்தபோது பிரிசில்லா ஒருமுறை அளந்து பார்த்தாள். நாற்பத்து மூன்று. பிரிசில்லா கைதட்டினாள். தில்லையம்மாள் மட்டும் வாக்கரை விடவில்லை. விளையாட்டில் சாய்வது வேறு, தரையில் நடப்பது வேறு என்று பிடிவாதமாக இருந்தாள்.

டிசம்பர் கடைசியில் ‘தானே’ என்று பெயர் வைத்த புயல் அடித்தது. விடிந்து காற்று ஓய்ந்து கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். மரங்களும் கம்பங்களும் ஓட்டுச் சில்லுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர்கள் வாசல் முருங்கை வேரோடு சாய்ந்து கேட்டை அடைத்திருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மோட்டார் ஓடாததால் தெருக்கோடியில் இருந்த அடிபம்புதான் எல்லோருக்கும் தண்ணீர். டிவி முன்னால் பலகை சும்மா கிடந்தது. கால் பழையபடி ஆகிவிடுமோ என்று தட்சிணாமூர்த்திக்கு உள்ளுக்குள் பயம்.

நாலாம் நாள் காலையில் அவர் பால் பவுடர் கிடைக்குமா என்று பார்க்கப் போனார். போன இடத்தில் பழைய டிரைவர் லூர்துசாமியைப் பார்த்தார். எந்த ஊரில் என்ன விழுந்தது என்று பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் வாக்கர் கூடத்தில் நிற்கிறது, ஆளைக் காணோம். பின்கட்டில் பார்த்தார், கொல்லையில் பார்த்தார், தெருவுக்கு ஓடினார். பம்படியில் பத்துப் பெண்களுக்கு நடுவில் தில்லையம்மாள், வலது கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பிடி வந்த?"

"எப்பிடி வருவாங்க? நடந்துதான்."

"முருங்க மரம் குறுக்கால கெடக்குதே!"

"தாண்டுனேன். சமைக்கத் தண்ணி இல்ல, நீங்க எங்கியோ நின்னு கத பேசுறீங்க. வேற என்னா பண்றது?"

அவர் குடத்தை வாங்க நீட்டிய கையை அவள் தட்டிவிட்டாள். திரும்பும்போது இடது காலை லேசாக இழுத்து வைத்தாள், ஆனால் ஊன்றி வைத்தாள். மரத்தைத் தாண்டும் இடத்தில் மட்டும் அவர் தோளில் கை போட்டாள்.

பத்தொன்பது நாள் கழித்து கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் ஏறி இறங்கி அடித்ததில் பெட்டியின் அடாப்டர் கருகிவிட்டது. வேறு ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னபோது, போனில் பொன்னி, "போனாப் போவுதும்மா. கால்தான் நல்லாயிடுச்சே, இனிமே எதுக்கு?" என்றாள்.

"காலுக்கா நான் கேக்கறேன்?" என்றாள் தில்லையம்மாள். "ஒரு நாளு பொழுது போவமாட்டேங்குதுடி. உங்கப்பா மூஞ்சியவே எவ்வளோ நேரம் பாக்கறது?"

அந்த வருஷம் ஆவணியில் பொன்னி புதுசு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் பலகையும் இல்லை, ரிமோட்டும் இல்லை. டிவி மேல் நீளமாக ஒரு கேமரா மட்டும் இருந்தது.

"கையில எதுவும் வேணாம்மா. அதுவே நம்மளப் பாத்துக்கும்."

"பாக்குமா?" தில்லையம்மாள் அவசரமாக எழுந்து உள்ளே போனாள். தலையை வாரி, புடவையை மாற்றிக்கொண்டு வந்து கேமராவுக்கு எதிரில் நின்றாள்.

இரண்டு பேர் சேர்ந்து ஆற்றில் படகு விடுகிற விளையாட்டு. பாறை வரும்போது ரெண்டு பேரும் ஒன்றாகக் குதிக்க வேண்டும். தில்லையம்மாள் குதிப்பது குதிகாலைத் தூக்கி வைப்பதோடு சரி. கேமரா அதையே ஏற்றுக்கொண்டது. தட்சிணாமூர்த்திதான் ஒவ்வொரு பாறைக்கும் கொஞ்சம் தாமதமாக எழும்பினார்.

"குதிங்க! இப்ப குதிங்க! அய்யோ, போச்சு!" அவள் அதட்டல் தெரு வரைக்கும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னாக்கா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, வா. நீயும் வந்து குதி" என்றாள் தில்லையம்மாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.