திரும்பப் பெற்ற சாட்சி

போன வருடம் கோடையில், காளவாசல் பக்கத்தில் ஒரு ஜெபக்கூடத்தார் நடத்திய மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டத்தில் தொடங்கியது இது. நான் ஆனையூரில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஆறு மாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. பிறந்ததிலிருந்து போய்க்கொண்டிருந்த சர்ச்சில் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். அங்கே போனால் அற்புதம் நடக்கும், நல்ல வாழ்வு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு இந்த ஜெபக்கூடத்துக்கு மாறினோம்.

கடைசி நாள் சாட்சி சொல்ல ஆள் தேடினார்கள். கடவுள் செய்த நன்மையை எல்லோர் முன்பும் எழுந்து சொல்வதுதான் சாட்சி. பொறுப்பில் இருந்த அண்ணன் ஒருவர் என்னிடம் வந்தார். சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும், சுகம் பின்னாலேயே வரும் என்றார். அவர் கெட்டவர் இல்லை, மனதார அப்படி நம்பினார். நானும் நம்ப ஆசைப்பட்டேன்.

பிசியோதெரபி செய்து செய்து, என் கணவர் இரண்டு மாதமாகவே தானாக எழுந்து நிற்பார். அவரை மேடையில் நிறுத்திவிட்டு, நேற்று வரை படுத்த படுக்கை, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்று வாய் கூசாமல் மைக்கில் சொன்னேன். பந்தலே அதிர்ந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். எனக்கோ அன்று பிரியாணிப் பொட்டலமே கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் என் கணவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். செக்கானூரணிப் பக்கத்து ஊர்க்காரி. அவள் கணவருக்கு ரத்த அழுத்தம். ஏற்கெனவே ஒருமுறை லேசாக வாதம் வந்து தப்பித்தவர். என்னை மேடையில் பார்த்தாளாம்.

“ஒங்க சாட்சியக் கேட்ட அன்னைக்கே அவரு மாத்திரைய நிப்பாட்டிட்டேன்க்கா. ரெண்டு நாளா தல சுத்துது, கண்ணு மங்குதுங்கறாரு. பிசாசு சோதிக்கிறான், அசையக் கூடாதுன்னு இருக்கேன்.”

சும்மா தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

“நான் சொன்னது பொய்ம்மா,” என்றேன். “எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கும் சட்டப் பொத்தான் நாந்தான் போட்டு விடுறேன். மாத்திரையும் நாந்தான் குடுக்கிறேன்.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. என் கையை விட்டுவிட்டாள். அவள் கொழுந்தனுக்குப் போன் போட வைத்து, கணவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துவரச் சொன்னேன். நானும் கூடவே போனேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று டாக்டர் எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு அது வேண்டியதுதான்.

சாட்சியைத் திரும்பப் பெறப் போகிறேன் என்று அந்த அண்ணனிடம் சொன்னேன். ஜெபத்தில் தனியாகப் பாவத்தை அறிக்கை செய்தால் போதும், சபையில் சொன்னால் கடவுளின் பெயர் கெடும் என்றார். என் பொய்யால் காப்பாற்ற வேண்டிய நிலையில் கடவுள் இல்லை என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே எழுந்து முன்னால் போனேன். மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். அணைத்தும் விட்டார்கள். மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு?

“எங்க வீட்டுக்காரருக்குச் சொகமாகல. அன்னைக்கு நான் சொன்னது பொய். ஜெபமும் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க. என் பேச்சக் கேட்டு யாராச்சும் நிப்பாட்டியிருந்தா, இன்னைக்கே டாக்டரப் பாருங்க.”

சாட்சி முடிந்தால் எல்லோரும் ஆமென் சொல்வது வழக்கம். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், குழறலாக, ஆமென் என்றது. என் கணவர்தான். அதற்கு மேல் யாருக்கும் அத்தாட்சி தேவைப்படவில்லை.

வெளியே வந்தபோது பலர் முகம் கொடுக்கவில்லை. ஆனால் மூன்று பேர் தனித்தனியாக வந்து, தாங்களும் மாத்திரையை நிறுத்தியிருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். மூன்று பேர்! அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி வர வேண்டாம் என்று மறுவாரம் சொல்லி அனுப்பினார்கள். ஆனாலும் போனோம். இன்றுவரை போய்க்கொண்டுதான் இருக்கிறோம், முன்வரிசையில்தான் உட்காருகிறோம். என் கணவரின் கை வரவில்லை, இனி வராமலும் போகலாம். ஆனால் அவர் இப்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் ஜெபத்தில் கடவுளிடம் ஒளிக்க ஒன்றுமில்லாமல் முழங்கால் போடுகிறேன். குணமாகாத மனிதரோடு பொய்யில்லாமல் வாழ்வதும் கடவுள் கொடுத்த நல்ல வாழ்வுதான் என்று, யார் தடுத்தாலும் நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.