பதின்மூன்று ஒன்றுகள்

எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி மாத்தளையில் எங்கள் பாடசாலைக்கு வந்த அந்தக் கணித ஆசிரியை என்னைவிட ஆறு வயது இளையவள், பட்டதாரி. நானோ பயிற்சிக் கல்லூரிக்காரி. அவள் வந்த இரண்டாம் மாதமே, என்னிடம் கேட்க வேண்டிய கணக்குகளைப் பிள்ளைகள் அவளிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் அலுவிகாரை பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கும்போது அவள் சேலை மடிப்புக் கலையாமல் வாசலில் நிற்பாள். அதுவும் எரிந்தது.

அடுத்த ஜனவரியில் க.பொ.த. பரீட்சைக்கான கணித வகுப்பு ஆரம்பமாகும் என்று அதிபர் சொன்னார். எட்டு வருடமாக அந்த வகுப்புக்காகக் காத்திருந்தவள் நான். யாருக்குக் கொடுப்பது என்பதை, பாடசாலைகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி வந்து போன பிறகு முடிவு செய்வாராம். அதற்கு முன் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கணித அட்டை எழுதிச் சுவரில் தொங்கவிட வேண்டும்.

நான் ஒரு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். பதின்மூன்று ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருவது: 1111111111111. ஒன்றுகளின் எண்ணிக்கை பிரிபட்டால் அந்த எண்ணும் பிரிபடும். பதின்மூன்று பிரிபடாது, ஆகவே இதுவும் எதனாலும் பிரிபடாத முதன்மை எண்தான் என்று மனம் சொன்னது. விடுமுறை முழுவதும் கொப்பியில் வகுத்தேன். மூன்று, ஏழு, பதினொன்று என்று ஏறி அறுபத்தொன்றில் கை ஓய்ந்தது. அதுவரை எதனாலும் மீதியின்றிப் போகவில்லை. அதற்கு மேல் வகுத்துப் பார்க்காமலே, "இது முதன்மை எண்" என்று சிவப்பு மையில் எழுதித் தொங்கவிட்டேன்.

"அடேயப்பா, இவ்வளவு பெரிசா!" என்றார் அதிபர். அன்று முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை.

வித்தியாதரிசி வருவதற்கு முதல் நாள் அவள் தனியாக என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. இது ஐம்பத்திமூண்டால பிரிபடும்."

"நான் வகுத்துப் பார்த்துட்டேன். போகாதுங்க."

தன் வகுப்பின் வரவு பதியும் இடாப்பைத் திறந்து காட்டினாள். அவள் வகுப்பில் ஐம்பத்து மூன்று பிள்ளைகள். மாதக் கடைசியில் வரவு வீதம் போட நாங்களெல்லாம் மாரடிப்போம். அவளோ ஒன்றை ஐம்பத்து மூன்றால் ஒரே தடவை வகுத்து, அந்தத் தசமத்தை இடாப்பு அட்டையின் உட்பக்கம் எழுதி வைத்து, வந்த பிள்ளைகளின் தொகையால் பெருக்கிக்கொள்வாளாம். அந்தத் தசமம் பதின்மூன்று இலக்கம் ஓடி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒரு தசமம் எத்தனை இலக்கத்தில் மீள்கிறதோ அத்தனை ஒன்பதுகள், வகுத்த எண்ணால் வகுபடும் என்பது விதி. அப்படியானால் பதின்மூன்று ஒன்பதுகள், அதாவது பதின்மூன்று ஒன்றுகளின் ஒன்பது மடங்கு, ஐம்பத்து மூன்றால் மீதியின்றி வகுபடும். ஒன்பதுக்கும் ஐம்பத்து மூன்றுக்கும் பொதுக் காரணி இல்லாததால், பதின்மூன்று ஒன்றுகளும் வகுபட்டாக வேண்டும்.

என் கொப்பியைப் புரட்டினேன். ஐம்பத்து மூன்றுக்குரிய பக்கத்தில் பன்னிரண்டு ஒன்றுகளைத்தான் இறக்கியிருந்தேன். எல்லா இலக்கமும் ஒன்றாகவே இருந்தால் எங்கே நிற்கிறோம் என்பது எவளுக்குத் தெரியும்?

"வேற ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை, ரீச்சர். நீங்களே மாத்திப்போடுங்கோ," என்றாள்.

அதிபரிடம் போய்ச் சொல்லியிருந்தாலாவது அவளை ஆசைதீரத் திட்டியிருக்கலாம். அந்தச் சந்தர்ப்பத்தையும் அவள் எனக்குத் தரவில்லை.

புது அட்டை எழுதினேன்: "முதன்மை எண் போலத் தோன்றும் சேர்த்தி எண்." அது ஐம்பத்து மூன்றால் பிரிபடுவதையும் தசமம் மீளும் விளக்கத்தையும் கீழே சேர்த்தேன். மறுநாள் வித்தியாதரிசி அதன்முன் வெகுநேரம் நின்று, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"வரவு இடாப்பு போடுறப்ப கண்ணுல பட்டுச்சு சார்," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வாரம் வகுப்பு எனக்குக் கிடைத்தது.

அன்று ஆசிரியர் அறையில் என் மேசைமேல் அவள் ஒரு துண்டுக் கடதாசியை வைத்துவிட்டுப் போனாள். வசைதான் என்று நினைத்துப் பிரித்தேன். "எழுபத்தொன்பதாலும் வகுபடும். பிள்ளைகள் கேட்டால் உதவும்" என்று எழுதியிருந்தது.

அவள் பிழை விட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, ஒவ்வொரு ஒன்றையும் விரலால் தொட்டு எண்ணி வகுத்தேன். மீதி வரவில்லை. மறுபடியும் வகுத்தேன்.