பால் தளும்பாத வேகம்

அரிமளத்துப் பக்கம் கண்மாய்க்கரையை ஒட்டிய வீட்டில் இருக்கும் செல்வராணி, காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது முதல் நன்றியை ரத்தக்கொதிப்புக்குத்தான் சொல்வாள். சாமிக்கு அதற்கப்புறம்தான். கேட்கிறவர்கள் இந்தப் பொம்பளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பார்ப்பார்கள். பார்க்கட்டுமே! அந்தக் கொதிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால், அவள் புருஷன் அடைக்கலம் இந்நேரம் மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருப்பார். இவள் இங்கே மாட்டோடு பேசிக்கொண்டிருப்பாள்.

பதினேழு வருஷம் அங்கே. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பக் கட்ட வேண்டிய நாள் வந்துவிடும். குடும்பம் நடந்ததெல்லாம் போனில்தான்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ம். பணம் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"பிள்ள?"

"படிக்கிது."

"சரி, வச்சிர்றேன்."

மகள் அன்புச்செல்வி ஒன்றாம் வகுப்பிலிருந்து திருச்சி நர்ஸிங் காலேஜ் வரை படித்ததெல்லாம் அந்த ஒற்றை "படிக்கிது"க்குள் அடங்கிப்போனது.

போன தடவை லீவில் வந்து திரும்பக் கிளம்பும்போதுதான் மெடிக்கல் பரிசோதனையில் மாட்டினார். கனரக வண்டி ஓட்டுகிறவருக்கு இவ்வளவு பிரஷர் ஆகாது, மூன்று மாதத்தில் குறைத்துக்கொண்டு வந்தால் திரும்பப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனுஷன் வீட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொன்னேன்? ஒண்டினார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். "இந்த லைட்டப் போட்டுக்கவா?" என்று சொந்த வீட்டில் கேட்டுக்கொண்டு நிற்பார். செல்வராணி தினமும் இரண்டு ஸ்பூன் சீனி போட்டுப் பால் டீ கொடுத்தாள், மறுபேச்சில்லாமல் குடித்தார். அவர் பால் டீயை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது, அங்கே பால் கலக்காத கட்டன் சாயாதான் என்பது அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரியவந்தது. அட மனுஷா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அவருக்கு இருந்த ஒரே எண்ணம் எப்படியாவது மெடிக்கலில் தேறிக் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான். "இங்க எனக்கு என்ன வேல இருக்கு?" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார். செல்வராணிக்குச் சுருக்கென்றது. ஆனால் போகாதீங்க என்று சொல்லிப் பழக்கமில்லை. ஒருதடவைகூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் குடும்பப் பொம்பளைக்கு லட்சணம் என்று நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் நடங்க என்றார். நடப்பதெல்லாம் கிழவர்கள் வேலை என்று அடைக்கலம் ஓடக் கிளம்பினார். வாலிபத்தில் போலீஸ் ஆள் எடுப்புக்கு ஓடிப் பார்த்தவர் அவர். அவருக்கு ஓட்டம் என்றால் நாக்குத் தள்ள வேண்டும். மூன்றாம் நாள் ரோட்டோரம் குத்துக்கல்லைப் பிடித்துக்கொண்டு குமட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் சுடர்விழி. ஊர் ஊராகப் போய் மாரத்தான் ஓடுகிற பெண்.

"என்னண்ணே, யாராச்சும் தொரத்துறாங்களா?"

"இல்லீங்க டீச்சர்... பிரஷரு... கொறையணும்..."

"இப்புடி ஓடுனா பிரஷர் கொறையாதுண்ணே. நீங்கதான் கொறஞ்சுபோவீங்க."

அவரை வீடுவரை கொண்டுவந்து விட்டது மட்டுமல்ல, செல்வராணியையும் உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் போனாள். முதல் நிபந்தனை, ஓடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வர வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டர் மெதுவாக ஓடுவதென்றால் சரி என்றதும், பாடம் தொடங்கியது.

"ஓட்டம்னா வேகம்னு நெனைக்கிறீங்க. ஒடம்பு அப்புடி நெனைக்கல. மெதுவா, ரொம்ப நேரம் ஓடுனா, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தத்த நெறையாத் தள்ளுறதுக்கு இதயம் கத்துக்கும். அப்பறம் அதுக்கு அடிக்கடி துடிக்க வேண்டிய அவசியமில்ல. கால் சதைக்குள்ள முடி மாதிரி புது ரத்தக்குழாயெல்லாம் மொளைக்கும். ஒடம்பு கொழுப்ப எரிச்சு ஓடப் பழகும். இதெல்லாம் வேணும்னா பொறுமையாத்தான் ஓடணும். எடுத்தவொடன மூச்சு வாங்க ஓடுனீங்கன்னா வேர்வதான் மிச்சம்."

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா டீச்சர்? வாட்ச்சு எதுவும் வாங்கணுங்களா?"

"வாட்ச்செல்லாம் வேணாண்ணே, வாய் போதும். ஓடும்போது ஒரு முழு வாக்கியம், மூச்சு நடுவுல அறுந்துபோகாமப் பேச வரணும். வந்துச்சா, அதான் ஒங்க வேகம். வரலயா, கொறைங்க. அப்பவும் வரலயா, நடங்க."

அடைக்கலம் முழித்தார். "பேசணும்னா... யாருகிட்டங்க பேசுறது?"

டீச்சர் செல்வராணியைப் பார்த்தாள். செல்வராணி வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கிவிட்ட காலத்தில் சின்னப் பிள்ளையாகக் கற்ற சைக்கிள்தான் இன்றுவரை அவளுக்கு வாகனம். தினமும் விடிந்ததும் பால் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு, கண்மாய்க்கரை வழியே பால் சொசைட்டிக்குப் போவாள். கேன் நிறையப் பால். கொஞ்சம் வேகம் கூடினாலும் தளும்பி மூடி வழியே வழிந்துவிடும். அதனால் அவள் மிதிப்பது ஒரே சீராக இருக்கும். மறுநாள் அந்தச் சைக்கிளோடு சேர்ந்து அவரை ஓடவிட்டுப் பார்த்த டீச்சர் கைதட்டிச் சிரித்தாள். "அக்கா, இதான் வேகம். பாலு தளும்பாம நீங்க மிதிங்க. அண்ணன் கூடவே வரட்டும்."

வேகம் கிடைத்துவிட்டது. பேச்சு கிடைக்க வேண்டுமே!

முதல் நாள் நூறடி ஓடியதும் அடைக்கலம் கேட்டார்: "சாப்டியா?"

"இப்பத்தானங்க வீட்ல இருந்து வாரோம். பல்லே வெளக்கல."

"பணம்..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். கண்மாய்த் தண்ணீர் வழியும் கலுங்கு வருவதற்குள் பதினேழு வருஷத்துப் பேச்சு மொத்தமும் தீர்ந்துபோனது. அப்புறம் வழியில் தெரிந்ததையெல்லாம் வாசித்துக்கொண்டு வந்தார். "அந்தா கொக்கு. அந்தா கருவ மரம். அந்தா இன்னொரு கொக்கு." செல்வராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சொசைட்டியில் பால் அளக்கும் சின்னப்பிள்ளை என்பவள் ஒரு வாயாடி. தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "ஏ ராணி! மாட்டப் பத்திக்கிட்டு வர்ற மாதிரி அண்ணனப் பத்திக்கிட்டு வாரியே, கறவை எத்தன லிட்டரு?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அடைக்கலமும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று செல்வராணிக்கு ஞாபகமில்லை.

அதற்கப்புறம் கொக்குகள் குறைந்தன. ஒருநாள், ராத்திரி மழை பெய்து செம்மண் செருப்பில் அப்பிக்கொண்ட காலையில், தானாகவே சொன்னார்: "அங்க சலாலான்னு ஒரு ஊரு. பாலவனம் தாண்டிப் போனா அங்க மட்டும் மழ தூறும். மண்ணு இப்புடித்தான் மணக்கும். வண்டிய ஓரங்கட்டிட்டு அழுவேன் ராணி. லோடு லேட்டாயிருச்சுன்னு திட்டு வாங்குவேன்." மகளின் பிளஸ் டூ மார்க் வந்த அன்று தங்கியிருந்த கேம்ப் முழுக்கப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார். அன்றைக்கு போனில் அவர் சொன்னது ஒரே வார்த்தை, "சரி." அதை நினைத்து இவள் ஒரு வாரம் கோபமாக இருந்தாள்!

அவளும் சொன்னாள். "கஜா புயலப்ப ஓடு ரெண்டு பறந்துச்சுன்னு சொன்னேன்ல? கொட்டாயே பறந்துச்சுங்க. பிள்ளையும் நானும் கட்டிலுக்கு அடியில கெடந்தோம். கறவ மாடு மேல மரம் சாஞ்சு செத்தே போச்சு." அடைக்கலம் ஓடுவதை நிறுத்திவிட்டார். அன்று மீதித் தூரம் நடந்துதான் போனார்கள்.

உடம்பும் சும்மா இல்லை. முன்பு கலுங்குக்கே இரைத்தவருக்கு இப்போது சொசைட்டி போய்த் திரும்பியும் பேச்சு அறுவதில்லை. வேகம் அதே பால் வேகம்தான், மூச்சுதான் லேசாகிவிட்டது. டீச்சர் வாரத்தில் ஒருநாள் தைலமரக்காடு வரை நீட்டிவிட்டாள். ஒருநாள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி விளையாடச் சொன்னாள். ஒருநாள் முழு ஓய்வு. "சும்மா இருக்குறதும் பயிற்சிதாண்ணே, அப்பதான் ஒடம்பு கட்டும்" என்றாள். தைல இலை மணக்கும் அந்த நீள ஓட்டத்தில், கால் இருப்பதே தெரியவில்லை என்று அடைக்கலம் சின்னப் பையனைப் போலக் கத்தினார். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறையும் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே செஞ்சீங்க?" என்றாள். "எம் பொண்டாட்டிகூடப் பேசுறேன்" என்றாராம் மனுஷன்.

செல்வராணிக்கு அதைக் கேட்டு உச்சி குளிர்ந்தது. அன்று மத்தியானமே மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிரஷர் குறைகிறது என்றால் மெடிக்கலில் தேறுவார். தேறினால் போவார். அவரைத் தினமும் காலையில் மஸ்கட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது வேறு யாருமில்லை, அவளேதான்.

ஒருநாள் திரும்பி வரும்போது, கேன் காலி, தளும்ப ஒன்றுமில்லை. என்ன தோன்றியதோ, அழுத்தி மிதித்தாள். அவர் விரட்டிக்கொண்டு வந்தார். இரைப்பு கேட்டது. இப்படியே நாலு நாள் கெடுத்தால் போதும், டீச்சர் சொன்ன கணக்கு தப்பிவிடும். ஆனால் பின்னால் பேச்சில்லை. வெறும் செருப்புச் சத்தம். அந்தப் பழைய போன் வைத்ததும் வருமே ஒரு அமைதி, அதே அமைதி. செல்வராணிக்குத் தாங்கவில்லை. பிரேக்கைப் பிடித்தாள். போனால் போகட்டும், இருக்கிற நாளாவது பேசிக்கொண்டு வரட்டும் என்று பழைய வேகத்துக்கே வந்தாள்.

"என்ன... கோவமா?" என்றார் அடைக்கலம்.

"ஒண்ணுமில்லீங்க. கொக்குப் பாத்தேன்."

நாள் வந்தது. திருச்சிக்குப் போய் மெடிக்கல் முடித்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். தேறிவிட்டார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டு தம்பி இரண்டு நாளில் டிக்கெட் போட்டுவிடலாம் என்றானாம். செல்வராணி சந்தோஷம் என்றாள். கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அவர் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாளும் பால் கறந்தாக வேண்டும், சொசைட்டிக்குப் போயாக வேண்டும். போகும்போது இருவரும் கொக்கைப் பற்றித்தான் பேசினார்கள். திரும்பும் வழியில் சைக்கிள் டயரில் கருவமுள் ஏறிக் காற்று இறங்கிவிட்டது.

"இங்கிட்டுக் குடு, நான் தள்ளிக்கிட்டு வாரேன்" என்று அடைக்கலம் சைக்கிளை வாங்கிக்கொண்டு தன் ஓட்டத்தை விடாமல் ஓடினார். செல்வராணி என்ன செய்வாள்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். நாற்பத்தைந்து வயதில் ரோட்டில் ஓடுகிறாள்! முதலில் வெட்கம். அப்புறம், அடடா, காற்று முகத்தில் அடிக்கிறது, கால் தானாகப் போகிறது, இதைத்தானா இந்த மனுஷன் இத்தனை நாளாக அனுபவித்தார் என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். அந்தக் குதூகலத்திலேயே வாய் தானாகத் திறந்தது.

"ஏங்க... நீங்க... போக... வேணாங்க..."

சொல்லிவிட்டாள். மூச்சு நாலு இடத்தில் அறுந்து, கண்ணில் தண்ணீர் வழிய, சொல்லியே விட்டாள்.

அடைக்கலம் ஓட்டத்தைக் குறைத்தார். "பேச வரலன்னா நடக்கணும்" என்றார் மெதுவாக. இருவரும் நடந்தார்கள்.

"இத்தன வருசத்துல ஒரு தடவகூட நீ இதச் சொன்னதில்லியே, ராணி. போனா நிம்மதின்னு நெனைக்கிறியோன்னு இருந்தேன்."

"நிமிசத்துக்குக் காசு ஓடுற போன்ல எப்புடிங்க சொல்லுவேன்? காசில்லாத போன் வர்றதுக்குள்ள, சொல்லவே மறந்துபோச்சுங்க."

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையும் சைக்கிளில். செல்வராணி எடுத்துப் பார்த்தாள். ஏஜெண்டு. அவர் காதில் வைத்தாள்.

"அண்ணே, டிக்கெட்டு போட்டுறவா?"

அடைக்கலம் நடையை நிறுத்தவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"இல்லீங்க தம்பி, நான் வரல, இங்கிட்டே புதுக்கோட்டையில எதாச்சும் வண்டி ஓட்டிக்கிறேன், எம் பொண்டாட்டி போக வேணாங்குறா."

முழு வாக்கியம். மூச்சு எங்கேயும் அறுந்துபோகவில்லை.