ரேணுகாதேவியின் அடையாளப் பை

பொட்டை அழிக்காதீர்கள் என்று ஒரு தாய் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ரேணுகாதேவி விடுவதாயில்லை. முந்தானை நுனியைத் தேங்காயெண்ணெயில் தொட்டு, பிள்ளையின் கன்னத்திலிருக்கும் திருஷ்டிப் பொட்டைத் துடைத்த பிறகுதான் போட்டோ எடுக்க விடுகிறார். முதல் நாள் அடையாள அட்டைக்கு அப்படியே எடுத்ததில், வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அங்க அடையாளம் ‘கன்னத்தில் மச்சம்’ என்று எழுதிவிட்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் மையைத் தொட்டு அவரே மறுபடி பொட்டு வைத்துவிடுகிறார். திருஷ்டியில் அவருக்கும் நம்பிக்கை உண்டு.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் பேரூராட்சியில் அவர் கவுன்சிலர். பிழைப்பு தையல். மன்றக் கூட்டத்துக்கும் கழுத்தில் இஞ்சு டேப்போடுதான் வருவார். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளின் படம், கைரேகை, பெற்றோர் பேர், போன் நம்பர் எல்லாம் அடங்கிய அட்டையையும் கையில் கட்டும் பட்டையையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது அவர் பிடித்த பிடி. ஒரு பைக்குத் தொண்ணூறு ரூபாய், பொதுப் பணம். அந்தக் காசுக்குத் தெருவிளக்காவது போடலாமே என்றார் தலைவர்.

“வெளக்கு வெளிச்சத்துல பிள்ளை மொகம் தெரியும். பெத்தவுக யாருன்னு தெரியுமாங்க?”

கேட்டுவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறியது, வார்டில் குடியிருப்போருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு.

பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. போன பொங்கலில், கருவேல மரத்தை வெட்டி எரித்துக் கரிமூட்டம் போட வந்த வெளியூர்க் குடும்பத்தின் பெண்பிள்ளை ஒன்று கூட்டத்தில் தவறிவிட்டது. அப்பா பேர் கேட்டால் “அய்யா” என்றது. ஊர் கேட்டால் “காடு” என்றது. மைக்கில் அதைத்தான் சொல்ல முடிந்தது. பெற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் காதிலேயே நிற்கிறது என்பார் ரேணுகாதேவி. சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கிவிடும்.

அந்தப் பிள்ளை மாரிக்கனியைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த வருடம் தாய் சந்தனம்மாள் தானாகவே வரிசையில் வந்து நின்றாள். கருவேலங்காட்டுக்குள் குடிசை. ரேஷன் கார்டு வேறு மாவட்டத்தில். புருஷனின் போனில் பெரும்பாலும் சார்ஜ் இருக்காது. எழுத்தர் காளிராஜ் நல்லவன்தான், ஆனால் பயந்தவன்.

“வெளியூருக்குக் குடுத்தா தணிக்கையில நாந்தான்க்கா மாட்டுவேன். வார்டுல சொந்தக்காரவுக யாராச்சும் இருந்தா அவுக வெலாசத்துல போடலாம்.”

சந்தனம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

எங்கள் ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்பது சாதாரண விஷயமில்லை. அதற்காக மண்டை உடைந்திருக்கிறது.

“நில்லு தாயி” என்றார் ரேணுகாதேவி. காளிராஜின் கையிலிருந்து பேனாவை வாங்கி, அட்டையில் தன் வீட்டு இலக்கத்தையும் போன் நம்பரையும் எழுதினார். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் ‘அத்தை’ என்று எழுதி, மை காயட்டும் என்று மெல்ல ஊதினார்.