மிஸி அக்கா சொல்லாமல் விட்டது

எங்கள் படலைக்குள் நுழைந்ததும் பூவரச மரத்தடியில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து இருக்கும். சனிக்கிழமைகளில் மிஸி அக்கா அவற்றுக்கு வெள்ளை பூசி வெயிலில் காயவைத்திருப்பார். கடற்பக்கமிருந்து வரும் ஒளி எங்கள் வளவில் எதன்மீது விழுந்தாலும் அதைச் சற்று மிதக்க வைத்துவிடும். அந்தச் சப்பாத்துகளும் மண்ணைத் தொடாமல் நிற்பவை போலத் தெரியும். வல்வெட்டித்துறையில் கழிந்த என் இளமையை நினைத்தால் அண்ணையின் முகத்துக்கும் அம்மாவின் குரலுக்கும் முன்னால் அந்த வெண்மைதான் வருகிறது. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஆஸ்பத்திரித் தாதியை எங்கள் பக்கத்தில் மிஸி என்போம். பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தவர் அவர். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணை சரக்குத் தோணியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். முன்னறை சும்மா கிடந்தது. ஆனாலும் அறை கேட்டு வந்தவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் அம்மா சற்றுத் தயங்கினார்.

"அறை தாறன் பிள்ளை. வெள்ளிக்கிழமையிலை மட்டும் மீன் மச்சம் காய்ச்சக்கூடாது, கண்டியோ."

"ஓம் அக்கா," என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமைகளில் அவர் பருப்பும் கீரையும் சமைத்துச் சாப்பிட்டார். கத்தோலிக்கருக்கு வெள்ளிக்கிழமை இறைச்சிதான் விலக்கு, மீன் விலக்கல்ல என்பதும், அன்றைக்கு மீன் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர் என்பதும் வெகுநாள் கழித்துத் தற்செயலாகத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பருப்பும் எனக்குப் பிடிக்கும் அக்கா," என்று சிரித்தார் மிஸி அக்கா.

பொழுதுபடும் மம்மல் நேரத்தில் அம்மா சாமியறையில் விளக்கேற்றித் தேவாரம் படிப்பார். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் மிஸி அக்கா முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவார். இரண்டுக்கும் நடுவிலுள்ள கூடத்தில் நான் பாயில் கிடப்பேன். சாம்பிராணிப் புகை கதவால் வழிந்து வரும். இரண்டு குரல்களும் தூரத்து மழைகள் போலக் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் போகும். அந்தக் கலப்பில் நான் பலமுறை உறங்கிப் போயிருக்கிறேன்.

அடுத்த மார்கழியில் புயல் வந்தது. அண்ணை போன தோணி திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஊர்ப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க வந்தபோது அம்மா படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"அவன் செத்தவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? போங்கோ."

வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அன்று பின்னேரம் அம்மா சாமியறைக் கதவை இழுத்துச் சாத்தி, ஆமைப்பூட்டைப் போட்டு, சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "அதுக்குள்ளை ஒருத்தரும் இல்லை," என்று மட்டும் என்னிடம் சொன்னார். அழவில்லை.

சொந்தக்காரர் சிலர் அவன் வருவான் என்றார்கள். சிலர் இனி வரமாட்டான், மனதைத் தேற்று என்றார்கள். மிஸி அக்கா இரண்டையும் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்ததும் கிணற்றில் தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்புவார். உலை வைப்பார். பிறகு அம்மாவைத் திண்ணைக் குந்தில் இருத்தி, பின்னால் தானும் இருந்து, சீப்பால் தலை இழுத்துவிடுவார். அம்மாவின் தலைமயிர் அந்த நாட்களில் சடை பிடித்துக் கிடந்தது. தேங்காயெண்ணெய் வைத்து, நோகாமல், இழை இழையாகப் பிரிப்பார். இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு மறுபக்கம். கடற்காற்றில் கிடுகு வேலி முனகும். அம்மாவின் கண் எங்கேயோ நிலைத்திருக்கும். எத்தனையோ மாலைகள் அப்படியே போயின. இப்போது அவை எல்லாம் ஒரே நீண்ட மாலையாகத்தான் என் நினைவில் இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸி அக்கா போகும் வேதக் கோயிலிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னறையில் அவர்கள் கதைத்தது கூடத்திலிருந்த எனக்குக் கேட்டது.

"அந்த மனுசி தன்ரை சாமியறையையே பூட்டிப்போட்டுதாம். ஆண்டவரைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது."

"அவவுக்கு இப்ப தலை இழுத்துவிட ஒரு ஆள் வேணும்," என்றார் மிஸி அக்கா. "நான் அதைச் செய்யிறன்."

அவர்கள் மனத்தாங்கலோடு போனார்கள் என்று நினைக்கிறேன். அவர் அதைப்பற்றி எங்களிடம் வாய் திறக்கவில்லை.

அம்மாதான் ஒருநாள் தானாகக் கேட்டார். மிஸி அக்காவின் கையில் சீப்பு இருந்தது.

"பிள்ளை, நாளாந்தம் முழங்காலிலை நிண்டு கதைக்கிறாய். அந்தாள் உனக்கு ஏதும் பதில் சொல்லுறவரோ?"

சீப்பு நிற்கவில்லை. "எனக்குக் கேக்கேல்லை அக்கா. எங்கடை இவர் மோசம் போனதிலையிருந்து ஒருநாளும் கேக்கேல்லை."

அவர் விதவை என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா மறுபடி கேட்டார்.

"பேந்து ஏன் முழங்காலிலை நிக்கிறாய்?"

"ஆண்டவர் வந்து பாக்கேக்கை நான் இல்லாமல் போனால், பாவமெல்லோ."

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மறுபடி தலையைக் கொடுத்தார்.

மாசிப்பனி இறங்கிய நாட்களில் மிஸி அக்காவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. டொக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். "உடம்பு தாங்கினால் நாளைக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி இருந்தார். பொழுது மங்கிய நேரம் மிஸி அக்காவின் கை படுக்கையில் எதையோ தேடியது. அம்மா செபமாலையை எடுத்து அந்தக் கைக்குள் வைத்தார். விரல்கள் அதைப் பற்றின, ஆனால் உருட்ட முடியவில்லை.

"உவையின்ரை செபம் உனக்குத் தெரியுமோ?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"தெரியாதம்மா."

அம்மா எழுந்தார். சேலைத் தலைப்பை அவிழ்த்தார். துருப்பிடித்த பூட்டுத் திறக்கும் ஓசையும், அடைபட்டிருந்த கற்பூர வாசமும் கூடத்துக்கு ஒன்றாக வந்தன. தூசியை முந்தானையால் துடைத்து, விளக்கில் எண்ணெய் விட்டு, திரி போட்டு ஏற்றினார். முதல் அடியிலேயே குரல் உடைந்தது. மீண்டும் தொடங்கினார். அம்மா தேவாரம் படித்து இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

முடித்தபின் திருநீற்றை விரலில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். மிஸி அக்காவின் நெற்றிக்கு நேரே கை போனது. அங்கே நின்றது. பிறகு அம்மா அந்தத் திருநீற்றைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டு, அவருடைய பாதங்களைப் போர்வையால் மூடிவிட்டார்.

காய்ச்சல் இறங்கியது. படுக்கையில் எழுந்திருக்க முடிந்த அன்று மிஸி அக்கா, சுவருக்கு அப்பாலிருந்து பாட்டுக் கேட்டது கனவோ என்று கேட்டார். "எனக்கு உங்கடை செபம் தெரியாது. தெரிஞ்சதைப் படிச்சன்," என்றார் அம்மா. அதற்குப் பிறகு அந்தச் சாமியறை பூட்டப்படவே இல்லை.

இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர்கள், அவர் உங்களை மதம் மாற்றப் பார்க்கவில்லையா என்பார்கள். கடவுளைப் பற்றி அவர் தானாக எங்களுக்கு ஒரு வசனமும் சொன்னதில்லை. நான் இன்றும் சைவக்காரிதான். ஆனால் நரைத்த தலையோடு கோயிலில் நின்று, கேட்டது கிடைக்காத நாளிலும் கை கூப்பிவிட்டு வருகிறேனே, அந்தப் பழக்கம் எனக்குத் தேவாரத்திலிருந்து மட்டும் வரவில்லை.

அந்த ஆடி மாதம் அம்மா தானாகச் சொன்னார்: "கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போவம். அண்ணைக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடிப்பம்." மிஸி அக்கா லீவு எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார்.

"உங்கடை கோயில் சாமியார் உங்களைப் பேசமாட்டாரோ?" என்று கேட்டேன்.

"பேசுவார். பேச்சை வாங்கிக்கொள்ளுறன்."

சித்தப்பா மகன் கிரியைகளைச் செய்து முடித்தான். அம்மா கேணியில் இறங்கி வெகுநேரம் நின்றார். தண்ணீருக்கு மேலே வெயில் ஆடியது. சுவருக்கு அப்பால் கடல் இரைந்தது. மிஸி அக்கா வெள்ளைச் சேலை நனைய, படிக்கட்டில் மாற்றுச் சேலையை ஏந்தியபடி காத்திருந்தார். அம்மா நடுங்கிக்கொண்டு ஏறி வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, அவன் போயிட்டான்தானே?"

அத்தனை மாதமும் சொல்லாமல் விட்டதை அவர் அப்போது சொன்னார்.

"ஓம் அக்கா."

அம்மா அவருடைய தோளில் முகத்தை வைத்து, மார்கழியிலிருந்து அடக்கிவைத்த அழுகையை எல்லாம் அழுதார். மிஸி அக்கா உலர்ந்த சேலையை அவரைச் சுற்றிப் போர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.