சனிக்கிழமைக்கு முன்பே வந்த முகமலர்ச்சி

என் அம்மா தமயந்தி இறந்து பதினாறு நாள் ஆகிறது. ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்துப் போய், மனநல நர்சிங் படிப்பவர்களுக்கு இருபத்திரண்டு வருடம் பாடம் எடுத்தவள். இரங்கல் கூட்டத்தில் அவளைச் சாந்த சொரூபி என்றார்கள். அவளிடம் படிக்காதவர்கள்.

1996இல் அவளுடைய மாணவர்கள் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டுக்குச் சனிக்கிழமைதோறும் பார்பர் வருவார். எல்லோருக்கும் ஒட்ட வெட்டுவார். ஈஜிபுராவிலிருந்து வந்த மகாவை அங்கேதான் சேர்த்திருந்தார்கள். கேஸ் ஷீட்டில் மகாதேவன், ஆண். தான் பெண் என்று பத்து வயதிலிருந்து சொல்லிவந்தவள். ஆசையாக வளர்த்த முடியை அண்ணன் வெட்ட வந்த அன்று பினாயில் குடித்தாள். அதற்கு வைத்தியமாக ஆஸ்பத்திரியும் முடியை வெட்ட இருந்தது. எந்த லோடில் ஃபியூஸ் போனதோ, அதே லோடை மறுபடி ஏற்றுவதுபோல. நான் எலக்ட்ரிகல் படித்தவன். எங்கள் துறையில் இதற்கு வேலை போய்விடும்.

பாடப்புத்தகத்தில் இந்த வேதனைக்கு அரைப் பக்கம், திருட்டு வியாதிக்கும் தீ வைக்கும் வியாதிக்கும் நடுவில். அதை மனப்பாடம் செய்திருந்த ரெமிஜியஸ் என்ற மாணவர் வெள்ளிக்கிழமை கேர் பிளான் எழுதிக் கொடுத்தார். பிரச்சினை: தன்னைப் பெண் என்று நினைக்கிறார். செய்தது: அறிவுரை, முடிதிருத்தம். பலன்: நோயாளி முகமலர்ச்சியுடன் காணப்பட்டார். சீனியர் நோட்டைப் பார்த்துப் பலனை முன்கூட்டியே நிரப்புவது அங்கே வழக்கம். முடிதிருத்தம் மறுநாள்தான்.

அம்மா திட்டவில்லை. அதை நோயாளிக்கே படித்துக் காட்டச் சொன்னாள். படித்தார். மகா பொறுமையாகக் கேட்டாள்.

“எழுதிட்டீங்கல்ல பிரதர். எப்ப சிரிக்கணும்னு சொல்லுங்க, சிரிக்கிறேன். அப்படியே பினாயில் எங்க வெச்சிருக்காங்கன்னும் சொல்லிடுங்க.”

ரெமிஜியஸ் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பிரச்சினை: முடியை வெட்டிவிடுவார்கள் என்ற பயம், உயிருக்கு ஆபத்து. செய்ய வேண்டியது: வெட்டாதிருத்தல். அம்மா கையெழுத்திட்டாள்.

சனிக்கிழமை பார்பரோடு சூப்பரின்டெண்டென்ட் சேஷகிரியும் வந்தார். தாளைப் படித்துவிட்டுக் கன்னடம் கலந்து கேட்டார்.

“ஏனு மேடம், முடி வெட்டாம விடறது ஒரு கேரா?”

“ஆமா சார். ரொம்பக் கஷ்டமான கேர். இந்த ஆஸ்பத்திரியில இன்னும் யாருக்கும் வரல.”

டீச்சர் கையெழுத்திட்ட கேர் பிளானை மீறக் கூடாது என்பது அவரே போட்ட விதி. அம்மாவுக்கு மெமோ நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார். அது திங்கட்கிழமை வந்தது. பார்பர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மகா சீப்பு கேட்டாள். வார்டில் சீப்பே கிடையாது; ஒட்ட வெட்டிய தலைகளுக்கு எதற்கு? ரெமிஜியஸ் தன் சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்.