சுவருக்கு நடுவே ஒரு கிணறு

இன்று காலை டீ உப்புக் கரித்தது. கேன் தண்ணீருக்குப் பதில், கிணற்றிலிருந்து ஏறும் குழாய்த் தண்ணீரை அடுப்பில் வைத்துத் தொலைத்திருக்கிறேன். இத்தனை வருஷமாகியும் புத்தி வரவில்லை பாருங்கள்.

சிறுசேரி தாண்டி, கழிமுகத்துப் பக்கம் எங்கள் தெரு. இதே தண்ணீர் ஒரு காலத்தில் இளநீர் மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு மெர்சி அக்காவுக்கும் எனக்கும் ஒரே கிணறு. மதில் சுவர் அதன் நடுவில் போகும். பாதி அங்கே, பாதி இங்கே. அக்கா தாம்பரத்தில் டீச்சர், தனி ஆள். எனக்கும் அங்கேதான் வேலை, நானும் தனிக்கட்டை. காலையில் தண்ணீர் சேந்தும்போது முகம் பார்க்காமலே பேச்சு ஓடும்.

"டேய், எழுந்துட்டியா? பஸ் உனக்காக நிக்காது."

"வந்துட்டேன்கா!" பல் கூடத் தேய்த்திருக்க மாட்டேன்.

பிறகு எதிர்வரிசை முழுக்க வார இறுதி வீடுகள் முளைத்தன. தெருவிளக்கு வந்ததே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், போங்கள்! வாரமெல்லாம் அந்த வீடுகள் பூட்டிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார்கள் அலறும். நீச்சல்குளம், புல்தரை, கார் கழுவ, எல்லாவற்றுக்கும் ஆழ்குழாய்த் தண்ணீர். எங்கள் வாளி தரை தட்டியது.

கூடிப் பேசி, கிணற்றை இன்னும் ஆழமாகத் தோண்டினோம். தண்ணீர் பொங்கியது. அக்கா பாயசமே வைத்துவிட்டார். அடுத்த கோடையில் உப்பு ஏறியது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், அடியில் உப்பு. அதை எதிர்வரிசைக்காரர்கள் உறிஞ்சிவிட்டார்கள், நாங்கள் உப்பைத் தேடிப் போய்த் தொட்டிருக்கிறோம்.

அக்காவின் முருங்கை பட்டுப்போனது. கோபம் வந்தால் மட்டும் டீச்சருக்கு மெட்ராஸ் பாஷை வரும்.

"பருப்பு வேவ மாட்டேங்குது, ஒரே பேஜாரா கீது. நான் குரோம்பேட்டைல தங்கச்சி வூட்டுக்கே போறேன்டா. நீ இன்னா பண்ணப் போற?"

"நான் பாத்துக்கறேன்கா."

போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் எதைச் சொல்லி நிறுத்துவது?

அக்கா வீடும் இப்போது வார இறுதி வீடுதான். அதை வாங்கியவர்கள், குழந்தை விழுந்துவிடும் என்று தங்கள் பாதிக் கிணற்றைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். ஞாயிறு சாயங்காலம் காரை நிறுத்திச் சொல்வார்கள்:

"வீட்ட கொஞ்சம் பாத்துக்கங்க சார். நீங்கதான் எப்பவும் இங்க இருக்கீங்களே."

இருக்கிறேன். தெரு முழுக்க வீடுகள். திங்களிலிருந்து வெள்ளி வரை, சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு குரல் கிடையாது.